ரிசல்ட் "இல்லை"ன்னு வந்த பிறகும் பயம் போகலையா?



சேமிப்பு, கடன், கறவை மாடு என்று எத்தனையோ விஷயங்களைக் குழுவில் பேசுகிறோம். இந்த இதழில் கொஞ்சம் கூச்சமான விஷயம் ஒன்றைப் பேசுவோம். வாயைத் திறந்து யாரும் கேட்க மாட்டாங்க. ஆனால் உள்ளுக்குள்ளே வைத்துப் புழுங்குகிறவர்கள் உண்டு.

பால்வினை நோய் வந்திருக்குமோ என்று ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வருகிறது. போய் ரத்தம் கொடுக்கிறாள். "நோய் இல்லை" என்று ரிசல்ட் வருகிறது. அதோடு நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? சிலரால் இருக்க முடிவதில்லை. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாவது நாள், "ஊசியைச் சரியாப் போட்டாங்களா? என் ரத்தத்தை வேறு யார் ரத்தத்தோடயாவது மாத்தி வச்சுட்டாங்களா?" என்று மனசு அரிக்க ஆரம்பிக்கும். மறுபடியும் சோதனை, மறுபடியும் "இல்லை", மறுபடியும் பயம்.

இது பைத்தியக்காரத்தனம் இல்லை, நடிப்பும் இல்லை. இதற்குக் காரணம் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள்

ஒரு குழு உறுப்பினரை மனதில் வைத்துக்கொள்வோம். கணவர் வெளியூரில் வேலை செய்கிறார். வருஷத்துக்கு மூன்று நான்கு முறைதான் வீட்டுக்கு வருவார். அவர் நடத்தையைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். இந்தப் பெண் பயந்துபோய் சோதனை செய்கிறாள். "இல்லை" என்று வருகிறது. நம்பிக்கை வராமல் டவுனில் வேறொரு லேபுக்குப் போகிறாள். பிறகு இன்னொரு லேப். ஒவ்வொரு தடவையும் சோதனைக் காசு, பஸ் காசு, அன்றைய கூலி போச்சு. கையில் பணம் தீர்ந்ததும், "பிள்ளை படிப்புக்கு" என்று சொல்லிக் குழுவில் உள்கடன் வாங்குகிறாள். தவணை கட்ட முடியவில்லை. கூட்டத்துக்கு வருவதை நிறுத்துகிறாள். ராத்திரி தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, உடம்பு இளைக்கிறது. "பாத்தியா, உடம்பு இளைச்சா அந்த நோய்தான்" என்று பயம் இன்னும் கூடுகிறது.

அவள் உடம்பில் நோய்க்கிருமி இல்லை. ஆனால் பணம் போச்சு, தூக்கம் போச்சு, குழுவில் பேரும் போச்சு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பால்வினை நோய் என்றால் எது?

உடலுறவு மூலமாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய்கள்தான் பால்வினை நோய்கள். கிரந்தி, வெட்டை, பிறப்புறுப்பில் வரும் கொப்புளம், மரு, ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. எல்லாம் இதில் அடங்கும். கிரந்தி, வெட்டை போன்றவற்றை மருந்தாலும் ஊசியாலும் முழுசாகக் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி.யை அடியோடு ஒழிக்க முடியாவிட்டாலும், தினமும் மருந்து சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே நீண்ட நாள் வாழலாம். அந்த மருந்தை 2004-ஆம் வருஷத்திலிருந்து அரசு இலவசமாகக் கொடுத்து வருகிறது.

தட்டு, டம்ளர், துணி, கழிப்பறை, கொசுக்கடி இதிலெல்லாம் எச்.ஐ.வி. தொற்றாது. பக்கத்தில் உட்கார்ந்தாலும், கட்டிப்பிடித்தாலும், ஒன்றாகச் சாப்பிட்டாலும் தொற்றாது.

"இல்லை" என்ற ரிசல்ட்டை எப்போது நம்பலாம்?

எச்.ஐ.வி. கிருமி உடம்புக்குள் போன மறுநாளே சோதனையில் தெரிந்துவிடாது. கிருமியை எதிர்க்க உடம்பு ஒருவகை எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். வழக்கமாகச் செய்யும் சோதனை அதைத்தான் தேடுகிறது. அது தெரியும் அளவுக்கு வர பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்கள் ஆகும். இந்த இடைவெளியை "ஜன்னல் காலம்" என்பார்கள். அதற்கு 3 மாதம் கணக்கு.

தை 5-ஆம் தேதி கடைசியாக உறவு நடந்தது, அதற்குப் பிறகு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் சோதனை செய்து "இல்லை" என்று வந்தால், சித்திரை 5-க்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். அப்போதும் "இல்லை" என்றால் எச்.ஐ.வி. இல்லை என்றுதான் அர்த்தம். ஆறாம் மாதம், ஒரு வருஷம் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

"சோதனை தப்பா இருந்தா?" என்று கேட்பீர்கள். அரசு மையங்களில் முதல் சோதனைக்கு, கிருமி இருந்தால் தவறவிடாத கிட்டைத்தான் வைப்பார்கள். அதில் சந்தேகம் காட்டினால் வேறு வேறு வகை கிட்களில் திரும்பவும் பார்த்த பிறகுதான் "நோய் உண்டு" என்பார்கள்.

ஒரு விஷயம் கவனம். எச்.ஐ.வி.க்கு எடுத்த ரத்தத்தில் எல்லா நோயும் தெரியாது. கிரந்திக்குத் தனியாக ரத்தச் சோதனை உண்டு. அதையும் 3 மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி. வெட்டை போன்றவற்றுக்கு உள்பரிசோதனையும், வெள்ளைப்படுவதை எடுத்துச் சோதிப்பதும் வேண்டும். "எனக்கு எதெதுக்கு டெஸ்ட் எடுத்தீங்க, வேற ஏதாவது பாக்கணுமா?" என்று டாக்டரிடம் ஒரே தடவையில் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். அது சந்தேகப் புத்தி இல்லை, உங்கள் உரிமை.

வெள்ளைப்படுதல் எல்லாம் கெட்ட நோயா?

இல்லை. மாதவிலக்குக்கு நடுவில், கர்ப்ப காலத்தில், நாற்றமோ அரிப்போ இல்லாமல் கொஞ்சம் வெள்ளைப்படுவது இயற்கை. தயிர் திரிந்தது போலப் பட்டு அரிப்பும் இருந்தால் பெரும்பாலும் அது ஒருவகைப் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், சில மாத்திரைகள் சாப்பிட்டவர்களுக்கும் உடலுறவு இல்லாமலேயே இது வரலாம். ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் வந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும், நாள் முழுக்க ஒன்றுக்கை அடக்குகிறவர்களுக்கும் அது எளிதில் வரும்.

துர்நாற்றம், மஞ்சள் பச்சை நிறம், அடிவயிற்று வலி, புண், உறவுக்குப் பின் ரத்தம் இதெல்லாம் இருந்தால் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். மெடிக்கல் கடையில் நாமே கேட்டு மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. 30 வயதுக்கு மேல் ஆகிவிட்டால், எந்தத் தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொள்வது நல்லது.

பயம் எப்படி வளருகிறது?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். நோய்ப்பயமும் அப்படித்தான்.

பயந்த உடம்பில் நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், நாக்கு வறளும், வயிறு கலக்கும், கை கால் மதமதக்கும். பசி போகும், எடை குறையும். இதெல்லாம் பயத்தால் வருவது. ஆனால் பயந்தவருக்கு இதெல்லாம் நோயின் அடையாளமாகத் தெரியும். "எடை குறைவு, விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு" என்று எப்போதோ ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த எய்ட்ஸ் போஸ்டர் ஞாபகம் வரும். நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்ப்பார். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று தடவிக்கொண்டே இருப்பார். தடவித் தடவி அந்த இடம் வலிக்கும். "வலிக்குது, அப்ப நோய்தான்" என்பார்.

இப்போது கையில் செல்போன் வேறு. ராத்திரி ஒரு மணிக்குப் போனில் தேடினால், ஒரு வீடியோ முடிந்ததும் அதைவிடப் பயமான இன்னொரு வீடியோ தானாக வந்து நிற்கும்.

சோதனை செய்ததும் நிம்மதி வருகிறதே, அது ஏன் நிலைப்பதில்லை? அரிக்கிற இடத்தைச் சொறிகிற மாதிரிதான். சொறியும்போது சுகமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அரிப்பு முன்னைவிடக் கூடும். ஒவ்வொரு முறை சோதிக்கும்போதும், ஒவ்வொரு முறை "எனக்கு ஒன்னும் இல்லையே?" என்று கேட்கும்போதும், "உறுதி கிடைத்தால்தான் என்னால் இருக்க முடியும்" என்று மனசு பழகிவிடுகிறது. ஆனால் நூற்றுக்கு நூறு உறுதி என்பது உலகத்தில் எதிலும் இல்லை. அதனால் அந்தப் பசி அடங்குவதே இல்லை.

சிலருக்கு மட்டும் ஏன் இப்படி?

ஒன்று, குற்ற உணர்வு. எப்போதோ நடந்த ஒரு உறவு மனசை உறுத்தும். "தப்புப் பண்ணிட்டேன், தண்டனை வந்தே தீரும்" என்ற எண்ணம் ரிசல்ட்டை நம்ப விடாது. கிருமி நியாய தர்மம் பார்த்து வருவதில்லை. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வந்திருக்கிறது. தவறு செய்ததாக நினைப்பவருக்கு வராமலும் போயிருக்கிறது.

இரண்டு, பழைய பயம். இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். அப்போது மருந்து இல்லை. "எய்ட்ஸ் என்றால் சாவு" என்று ஊரெல்லாம் பேசினார்கள். மருந்து வந்துவிட்டது, அந்தப் பேச்சு மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

மூன்று, நம்பிக்கை உடைந்த வீடு. கணவர் மேல் சந்தேகம். அவரிடம் கேட்க வழியில்லை. அதனால் அந்தக் கேள்வியை லேபில் போய்க் கேட்கிறோம். "எனக்கு நோய் இல்லை" என்று லேப் சொல்லும். "உன் புருஷன் உண்மையாக இருக்கிறார்" என்று எந்த லேபும் சொல்லாது. பதில் கிடைக்காத கேள்வி அதுதான்.

நான்கு, மனநலக் குறைவு. மனச்சோர்வு, பதற்ற நோய், ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து செய்ததையே செய்யவைக்கும் எண்ணச் சுழற்சி நோய் இவற்றில் ஏதாவது இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி இவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

1. ஒரே ஒரு முறை முழுசாகப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் "நம்பிக்கை மையம்" இருக்கிறது. எச்.ஐ.வி. சோதனை அங்கே இலவசம். ஆலோசகரிடம் தேதியோடு சொன்னால், எப்போது பார்த்தால் போதும் என்று அவரே கணக்குச் சொல்வார். வெள்ளைப்படுதல், புண் போன்றவற்றுக்கு "சுகவாழ்வு மையம்" உண்டு.

2. ரிசல்ட்டைப் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள். புதிதாக ஆபத்து எதுவும் நடக்காத வரை இனி சோதனை இல்லை என்று முடிவு செய்யுங்கள்.

3. நாக்கு பார்ப்பது, கழுத்தைத் தடவுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பத்து தடவை பார்ப்பவர் ஐந்தாக்குங்கள், பிறகு இரண்டாக்குங்கள்.

4. பயம் வந்ததும் ஓடாதீர்கள். "இப்ப வேணாம், சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுங்கள். பயம் அலை மாதிரி ஏறும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை தைரியம் வரும்.

5. போனில் நோயைப் பற்றித் தேடுவதை நிறுத்துங்கள். முக்கியமாக ராத்திரியில்.

6. பசிக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வேலைக்குப் போங்கள், கூட்டத்துக்கு வாருங்கள். பயம் போன பிறகு வேலைக்குப் போகலாம் என்று இருந்தால் பயம் போகாது.

ஆபத்து இன்னும் தொடர்ந்தால்?

எல்லாப் பயத்தையும் "வீண் பயம்" என்று தள்ளிவிடவும் கூடாது. கணவருக்கு வேறு தொடர்பு இருப்பது தெரியும், அவர் சோதனைக்கும் வர மாட்டார், ஆணுறையும் போட மாட்டார் என்றால் அந்தப் பயம் நியாயமானது. இன்றைய "இல்லை" இன்று வரைக்கும்தான். அங்கே செய்ய வேண்டியது பாதுகாப்பு.

"நீ எங்க போன?" என்று ஆரம்பித்தால் சண்டைதான் வரும். "சர்க்கரை, பிரஷர் எல்லாம் பாக்கறாங்களாம். ரெண்டு பேரும் ஒரு தடவை போயி எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு வந்துருவோம்" என்று சொல்லிப் பாருங்கள். ஆணுறை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அடி உதை என்றால் 181-க்குப் போன் செய்யலாம்.

வன்முறைக்கு ஆளான பெண் உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து உண்டு. அதை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

குழு என்ன செய்ய வேண்டும்?

ஒரு உறுப்பினர் அடிக்கடி ஆஸ்பத்திரி போகிறார், கூட்டத்துக்கு வருவதில்லை, தவணை நிற்கிறது என்றால் முதலில் கணக்குக் கேட்காதீர்கள். ஊக்குநரோ பிரதிநிதியோ ஒருவர் மட்டும் தனியாகப் போய், "என்னக்கா, உடம்புக்கு முடியலையா? மனசுக்கு ஏதாவதா?" என்று கேளுங்கள். அவர் சொன்னால் அது உங்களோடு இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுத வேண்டியதில்லை. தவணைக்கு அவகாசம் கொடுப்பதை மட்டும் எழுதினால் போதும்.

"உனக்கு ஒன்னும் இல்ல" என்று நூறு தடவை சொல்லாதீர்கள். அதுவும் சொறிகிற மாதிரிதான். "பயமா இருக்குன்னு தெரியுது. டெஸ்ட் எடுத்தாச்சு. வா, கொஞ்ச நேரம் என் கூட வெங்காயம் உரிக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள்.

2017-இல் வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஒருவர் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது. ரிசல்ட்டை ஊருக்குச் சொல்லக்கூடாது. இந்த மரியாதையைக் குழுவும் காக்க வேண்டும்.

எப்போது மனநல டாக்டரைப் பார்க்க வேண்டும்?

ஒரு மாதத்துக்கு மேல் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை, சோதனைக்குக் கடன் வாங்குகிறார், பிள்ளையைத் தொடவே பயப்படுகிறார் என்றால் தாமதிக்க வேண்டாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பேசிப் பேசிப் பயத்தைக் குறைக்கும் வைத்தியமும் உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

"செத்துடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

உறுப்பினர்கள் மனசில் எழும் கேள்விகள்

*எனக்கு இல்லை என்றால் கணவருக்கும் இல்லை என்றுதானே அர்த்தம்?*
அப்படிச் சொல்ல முடியாது. அவருக்கு இருந்து உங்களுக்குத் தொற்றாமலும் இருக்கலாம். அவருக்கு அவர் சோதனைதான் பதில்.

*கர்ப்பமாக இருந்தபோது எடுத்த சோதனை போதாதா?*
அது அந்த நாள் வரைக்கும் சரி. அதன் பிறகு புதிதாக ஆபத்து இருந்தால்தான் மீண்டும் தேவை.

*நம்பிக்கை மையத்துக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடுமே?*
அங்கே ரகசியம் காப்பது கடமை. கூச்சமாக இருந்தால் பக்கத்து டவுன் மருத்துவமனைக்கும் போகலாம். முதலில் 1097-க்குப் போன் செய்து பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

எச்.ஐ.வி. பற்றிய சந்தேகத்துக்கு: 1097
மனநல உதவிக்கு (டெலி மானஸ்): 14416
மருத்துவ ஆலோசனைக்கு: 104
பெண்கள் உதவிக்கு: 181

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊருக்குப் பக்கத்தில் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது? யாருக்குத் தெரியும்?
2. "3 மாதக் கணக்கு" என்றால் என்ன? ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.
3. உடம்புக்காக ஒரு உறுப்பினர் கடன் கேட்டால், காரணத்தைத் துருவாமல் நாம் எப்படி உதவலாம்?

படிக்கத் தெரிந்தவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் இதழைப் பெட்டிக்குள் பூட்ட வேண்டாம். வாயைத் திறந்து கேட்க முடியாத சகோதரி ஒருத்தி நம் குழுவிலும் இருக்கலாம். அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.